மூன்று மில்லிமீட்டர் பீரங்கி!

கணிதக் கருவிப் பெட்டியிலிருந்து அளவுகோலை எடுத்து, அதில் மூன்று மில்லிமீட்டர் எவ்வளவு என்று பாருங்கள். பால்பாயிண்ட் பேனாவின் மைக்குழாய் ஏறத்தாழ அந்தப் பருமன்தான் இருக்கும். இப்போது 105ஐ 35ஆல் வகுத்துப் பாருங்கள். விடை, மூன்று!

சென்னைக்கு அருகே ஆவடியில் உருவான 'விஜயந்தா' டாங்கியின் பீரங்கிக் குழாயின் உள்விட்டம் 105 மில்லிமீட்டர். அந்த டாங்கியை 35இல் ஒரு பங்காகச் சுருக்கி மாதிரி உரு ஒன்று செய்தால், அதன் பீரங்கி வாய் சரியாக மூன்று மில்லிமீட்டர் அகலம் இருக்கவேண்டும்.

இப்படிப்பட்ட மாதிரி உருக்களைச் செய்வது உலகெங்கும் பலருக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு. பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய பெட்டியை வாங்கி, வெட்டி ஒட்டி, வண்ணம் பூசுகிறார்கள். அதோடு விடுவதில்லை. பெட்டியில் இல்லாத பித்தளை வலைகள், கடைந்தெடுத்த அலுமினியப் பீரங்கிக் குழாய், தனித்தனி உலோகக் கண்ணிகளாலான சங்கிலிப் பட்டை, பிசினில் வார்த்த கவசக் கட்டிகள் ஆகியவற்றையும் தனியாக வாங்கிப் பொருத்துகிறார்கள். இவற்றை மேம்பாட்டுப் பாகங்கள் என்பார்கள்.

"பொம்மைக்கு இத்தனை பாடா?" என்று நீங்கள் கேட்கலாம். வேடிக்கை என்னவென்றால், உண்மையான டாங்கியின் கதையும் இதுவேதான்! 1945இல் இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு, டாங்கிகளின் உடல் அடிக்கடி மாறவில்லை. பீரங்கி மாறியது, கண் மாறியது, மேலே போர்த்திய கவசம் மாறியது. ஒரே டாங்கி முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்தது. அதன்மேல் ஏறிய ஒவ்வொரு புதிய பாகத்துக்கும் ஒரு தேதியும் ஒரு காரணமும் உண்டு. அந்தக் காரணங்களைத் தெரிந்துகொண்டால், மேசைமேல் நிற்கும் மாதிரி உரு பொம்மையாக இராது, படிக்கக்கூடிய புத்தகமாகிவிடும். படித்துப் பார்ப்போமா?

35 என்ற எண் எப்படி வந்தது?

பத்து, நூறு என்று எளிதான எண்கள் இருக்க, 35 ஏன்? ஜப்பானின் ஷிசுவோக்கா நகரிலுள்ள தமியா நிறுவனம், 1960களின் தொடக்கத்தில், ஜெர்மனியின் 'பாந்தர்' டாங்கியை மாதிரி உருவாக வெளியிட்டது. அது மின்மோட்டாரால் ஓடக்கூடியது. உள்ளே மோட்டாரும் இரண்டு பாட்டரிகளும் அடங்கவேண்டும் அல்லவா? அவை அடங்கும் அளவுக்கு உடலைச் செய்தார்கள். விற்பனை நன்றாக நடந்தது. மற்ற டாங்கிகளையும் இதே விகிதத்தில் செய்யலாம் என்று எண்ணி அளந்து பார்த்தபோது, அது உண்மை அளவில் ஏறத்தாழ 35இல் ஒரு பங்காக இருந்தது! பாட்டரி தந்த அந்த எண்ணே பிறகு உலக வழக்காக நிலைத்துவிட்டது.

எல்லாம் ஒன்றுபோலச் சுருங்குமா?

விஜயந்தாவின் பீரங்கி முன்னோக்கி நீண்டிருக்கும்போது அதன் மொத்த நீளம் ஏறத்தாழ 9.8 மீட்டர், அகலம் 3.17 மீட்டர். 35ஆல் வகுத்தால் நீளம் 28 சென்டிமீட்டர், அகலம் 9 சென்டிமீட்டர். உங்கள் புத்தக அலமாரியில் சுகமாக உட்கார்ந்துகொள்ளும்.

எடை என்னவாகும்? விஜயந்தாவின் எடை ஏறத்தாழ 39 டன், அதாவது 39,000 கிலோகிராம். இதையும் 35ஆல் வகுத்தால் 1,114 கிலோ வருகிறது! அலமாரியே நொறுங்கிவிடும். கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது.

நீளத்தை 35இல் ஒரு பங்காக்கினால் பரப்பு 35×35, அதாவது 1,225இல் ஒரு பங்காகும். கன அளவோ 35×35×35, அதாவது 42,875இல் ஒரு பங்காகும். எடை கன அளவைப் பொறுத்தது. ஆகவே 39,000ஐ 42,875ஆல் வகுக்கவேண்டும். விடை 0.91 கிலோ. எஃகை எஃகாலேயே செய்தாலும் மாதிரி உருவின் எடை ஒரு கிலோவுக்குள்தான்! பிளாஸ்டிக்கில் செய்தால் இன்னும் மிகக் குறைவு.

இதனால் ஒரு சிக்கல் எழுகிறது. டாங்கி, சக்கரங்களைச் சுற்றி ஓடும் எஃகுக் கண்ணிகளாலான சங்கிலிப் பட்டையின்மேல் செல்கிறது. உண்மை டாங்கியில் அந்தப் பட்டைகளின் எடை டன் கணக்கில் இருக்கும். எனவே மேற்பகுதியில், உருளைகளுக்கு இடையே, கொடிக்கயிறுபோல் பட்டை தொய்ந்து கிடக்கும். மாதிரி உருவில் பட்டை மெல்லிய பிளாஸ்டிக் நாடா. எடை 42,875 பங்கு குறைந்துவிட்டது; வளைய மறுக்கும் விறைப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஆகவே அது தொய்யாமல் அந்தரத்தில் விறைத்து நிற்கும். பார்த்தவுடன் "இது பொம்மை" என்று காட்டிக் கொடுத்துவிடும்.

தனித்தனி உலோகக் கண்ணிகளைக் கோத்துச் செய்த பட்டையை வாங்கிப் பூட்டுவது இதற்காகத்தான். ஒவ்வொரு மூட்டும் தாராளமாக மடங்குவதால், சிறிய எடையும் பட்டையைத் தொய்ய வைக்கப் போதுமாகிறது. பிளாஸ்டிக் நாடா பூட்டியவர்கள் பட்டையின் மேற்பகுதியை நடுநடுவே கீழிறக்கிப் பசையிட்டு ஒட்டி, புவியீர்ப்பின் வேலையைத் தாங்களே செய்துவிடுகிறார்கள்!

கவசமாகிவிட்ட மட்கார்டு

இன்னொரு சிக்கலைப் பாருங்கள். மாதிரி உருவின் பாகங்கள், உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி உருவாக்கப்படுகின்றன. அச்சின் இடுக்கு மிகக் குறுகலாக இருந்தால், பிளாஸ்டிக் கடைசிவரை ஓடி நிரம்புமுன் குளிர்ந்து இறுகிவிடும். ஆகவே பாகங்களை ஓரளவுக்குமேல் மெல்லியதாகச் செய்ய முடிவதில்லை. அரை மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொள்வோம். அதை 35ஆல் பெருக்குங்கள்: 17.5 மில்லிமீட்டர்!

உண்மை டாங்கியின் மட்கார்டு சில மில்லிமீட்டர் கனமுள்ள சாதாரணத் தகடு. மரத்தில் உரசினாலே நெளிந்துவிடும். மாதிரி உருவிலோ அது 17 மில்லிமீட்டர் எஃகுக் கவசம்போல் தடித்துத் தெரிகிறது. விஜயந்தாவின் மிகத் தடித்த கவசமே 80 மில்லிமீட்டர்தான். மாதிரி உருவில் அது 2.3 மில்லிமீட்டர். எது கவசம், எது வெறும் தகடு என்ற வேறுபாடு இப்படி மங்கிப்போகிறது.

இதற்குத் தீர்வு பித்தளை. 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டர் கனமுள்ள பித்தளைத் தகட்டின்மேல் ஒளியுணர் பூச்சு பூசுவார்கள். பாகத்தின் படம் உள்ள பிலிமை அதன்மேல் வைத்துப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சுவார்கள். ஒளி பட்ட பூச்சு இறுகிவிடும். படாத இடத்தில் பூச்சைக் கழுவி நீக்கலாம். பிறகு தகட்டை ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் இட்டால், பூச்சு இல்லாத இடத்தில் பித்தளை கரைந்துவிடும். எஞ்சி நிற்பது கத்தரிக்கோலால் வெட்டவே முடியாத மெல்லிய வலை! இயந்திரத்தின் காற்றுத்துளை மூடி, பொருள் வைக்கும் கம்பிக் கூடை, மட்கார்டு எல்லாம் இப்படியே உருவாகின்றன. ரேடியோவைத் திறந்தால் தெரியும் மின்சுற்றுப் பலகையில் செம்புக் கோடுகளை உருவாக்குவதும் இதே முறைதான். (இந்தக் கரைசல் கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கானது. ஆசிரியர் துணையின்றி யாரும் முயலவேண்டாம்.)

குழாய் மாறியது, கதை மாறியது

இப்போது நம் மூன்று மில்லிமீட்டர் குழாய்க்கு வருவோம். பிளாஸ்டிக் பீரங்கி பெரும்பாலும் நெடுக்குவாட்டில் இரண்டு பாதிகளாக வரும். சேர்த்து ஒட்டினால் நடுவே தழும்பு தெரியும். தேய்த்தால் தழும்பு போகும், வட்டமும் போய்விடும்! அலுமினியக் கம்பியை லேத்தில் பூட்டிக் கடைந்தால் குழாய் முழு வட்டமாக, நுனிவரை சீராக ஒடுங்கி வரும். துவாக்குடியிலும் அதைச் சுற்றிய தொழிற்பேட்டைகளிலும் உள்ள பட்டறைகளில் லேத் சுழல்வதைப் பார்த்த மாணவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே கொதிகலனுக்கான பாகத்தைக் கடையும் அதே கலை, இங்கே குண்டூசிப் பருமனில் நடக்கிறது.

உண்மை டாங்கியில் பீரங்கி ஏன் மாறியது? பிரிட்டனின் 'செஞ்சூரியன்' டாங்கியின் முதல் வண்டிகள் 1945 மே மாதம் பெல்ஜியத்துக்கு வந்து சேர்ந்தபோது ஐரோப்பாவில் போர் முடிந்திருந்தது. அந்தப் போரைக் காணாத செஞ்சூரியன், அடுத்து வந்த பல போர்களைக் கண்டது. இந்தியாவும் அதை வாங்கியது. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் என்ற இடத்தில் பாகிஸ்தானின் அமெரிக்கப் பாட்டன் டாங்கிகளை நம் செஞ்சூரியன்களும் ஷெர்மன்களும் எதிர்கொண்டன. அப்போது நம் செஞ்சூரியன்களின் பீரங்கி 84 மில்லிமீட்டர்.

அதற்கு முன்பே, 1956இல், ஹங்கேரியில் எழுச்சி நடந்தபோது, சோவியத் டி-54 டாங்கி ஒன்று புடாபெஸ்ட் நகரின் பிரிட்டிஷ் தூதரகத்துக்கு ஓட்டிவரப்பட்டது. பிரிட்டிஷ் அதிகாரிகள் அதன் கவசத்தையும் பீரங்கியையும் நேரில் ஆராயும் வாய்ப்புக் கிடைத்தது. தங்கள் 84 மில்லிமீட்டர் பீரங்கி இனிப் போதாது என்று பிரிட்டன் முடிவுக்கு வந்தது. எல்-7 என்ற 105 மில்லிமீட்டர் பீரங்கியின் வேலை விரைந்தது. இதில் பொறியாளர்கள் செய்த கெட்டிக்காரத்தனம் என்ன தெரியுமா? பழைய 84 மில்லிமீட்டர் பீரங்கி உட்காரும் அதே இடத்தில் புதியதும் உட்காரும்படி வடிவமைத்தார்கள். டாங்கியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. குழாயை மாற்றினால் போதும்! போருக்குப் பிந்தைய காலத்தின் மிகப் புகழ்பெற்ற மேம்பாட்டுப் பாகம் இதுவே எனலாம்.

எல்-7 பல நாட்டு டாங்கிகளில் ஏறியது. ஜெர்மனியின் லெப்பர்டு-1 அதைத் தாங்கியது. அமெரிக்காவின் எம்-60 அதன் வழிவந்த பீரங்கியைத் தாங்கியது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு 1961இல் செய்த உடன்பாட்டின்படி ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1965 இறுதியில் அங்கிருந்து முதல் விஜயந்தா வெளிவந்தது. அதன் பீரங்கியும் எல்-7தான்.

இந்தியா சோவியத் நாட்டிலிருந்து வாங்கிய டி-55 டாங்கிகளுக்குப் பிறந்தபோது 100 மில்லிமீட்டர் பீரங்கி. பின்னாளில் நம் நாட்டில் பலவற்றுக்கு 105 மில்லிமீட்டர் பீரங்கி பொருத்தப்பட்டது. ஐந்து மில்லிமீட்டர் வேறுபாடு மாதிரி உருவில் 0.14 மில்லிமீட்டர்! கண்ணுக்கு எப்படித் தெரியும்? தெரியும். குழாயின்மேல் உருண்டு திரண்ட பகுதி ஒன்றைப் படங்களில் கவனியுங்கள். அது புகை வெளியேற்றி. குண்டு போகும்போது கொஞ்சம் வாயு அந்தப் புடைப்புக்குள் அடைபடும். குண்டு வெளியேறியதும் அது முன்னோக்கிப் பீறிட்டு, குழாயிலுள்ள புகையை வெளியே இழுத்துச் செல்லும். இல்லாவிட்டால் பின்பக்கத்தைத் திறந்ததும் நச்சுப்புகை உள்ளே இருக்கும் வீரர்களின் நுரையீரலுக்குப் போய்விடும். டி-55இன் பழைய பீரங்கியில் இந்தப் புடைப்பு நுனியில் இருக்கும். எல்-7 வகையில் நுனியிலிருந்து நன்கு தள்ளி, குழாயின் நடுப்பகுதியில் இருக்கும். ஒரு புடைப்பு இடம் மாறியிருப்பதைக் கண்டே, "இந்த டி-55 குழாய் மாற்றிக்கொண்டது" என்று நீங்கள் சொல்லிவிடலாம்!

வெயில் வளைக்கும் எஃகு

சில பீரங்கிகளின்மேல் பட்டிகளால் கட்டிய உறை ஒன்று தெரியும். அழகுக்காகப் போர்த்திய சட்டை அல்ல அது, வெப்பக் காப்புறை.

நண்பகலில் வெயில் குழாயின் மேற்பக்கத்தில் படுகிறது. கீழ்ப்பக்கம் நிழலில் இருக்கிறது. சூடான மேற்பக்கம் சற்று நீள்கிறது; குழாய் கீழ்நோக்கி வளைகிறது. எவ்வளவு? மேலுக்கும் கீழுக்கும் ஒரே ஒரு டிகிரி செல்சியஸ் வேறுபாடு என்று கொள்வோம். எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டருக்கு 0.000012 மீட்டர் விரியும். குழாயின் நீளம் 5.4 மீட்டர், வெளிவிட்டம் 15 சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். நுனி திரும்பும் கோணம் = 0.000012 × 5.4 ÷ 0.15. விடை 0.00043 ரேடியன். மிகச் சிறியதுதான். ஆனால் 1,500 மீட்டருக்கு அப்பால் குண்டு எவ்வளவு தாழப்போகும்? 1,500 × 0.00043 = 0.65 மீட்டர்! ஒரு டிகிரி வெயில், ஏறத்தாழ ஒன்றரை முழம் குறியைத் தவறச் செய்துவிடும். ராஜஸ்தான் பாலைவனத்தில் இது எத்தனை பெரிய விஷயம் என்று எண்ணிப் பாருங்கள். உறை, வெப்பத்தைக் குழாயைச் சுற்றிலும் சமமாகப் பரப்பி இந்த வளைவைக் குறைக்கிறது.

தூரத்தை அளக்கும் முறையும் மாறியது. தொடக்க கால விஜயந்தாவில், பெரிய பீரங்கியின் பக்கத்தில் 12.7 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கி ஒன்று இருந்தது. முதலில் அதைச் சுட்டு, தோட்டா இலக்கில் படுகிறதா என்று பார்த்து, பிறகே பீரங்கியைச் சுடுவார்கள். மாதிரி உருவில் அந்தத் துளை 0.36 மில்லிமீட்டர்! பிற்காலத்தில் இந்த வேலை லேசருக்கு வந்தது. ஒளி 1,500 மீட்டர் போய்த் திரும்ப ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம் போதும். அந்த நேரத்தை அளந்தால் தூரம் தெரிந்துவிடும். ஒரு சிறு துளை மறைந்து, ஒரு கண்ணாடிச் சாளரம் தோன்றியது. மாதிரி செய்பவர் இரண்டையும் ஒரே டாங்கியில் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிவிட முடியுமா? ஆண்டைப் பார்க்கவேண்டும்!

துவாக்குடிக்கு அருகே பிறக்கும் அம்பு

கவசம் தடிக்கத் தடிக்க, அதைத் துளைக்கும் குண்டும் மாறியது. இன்று டாங்கிப் பீரங்கி எறிவது உருண்டைக் குண்டை அல்ல. வால் இறகுகள் கொண்ட, நீண்டு மெலிந்த உலோக அம்பை. அதில் வெடிமருந்து கிடையாது. அதன் ஆற்றல் முழுதும் வேகத்தில் இருக்கிறது.

அம்பின் எடை 4 கிலோ, வேகம் நொடிக்கு 1,500 மீட்டர் என்று எடுத்துக்கொண்டு இயக்க ஆற்றலைக் கணக்கிடுங்கள். ½ × 4 × 1,500 × 1,500 = 45 லட்சம் ஜூல். 10 டன் எடையுள்ள பேருந்து மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் ஆற்றலும் இதேதான். அந்தப் பேருந்தின் மோதல் முழுவதும் ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள இடத்தில் விழுந்தால் என்ன ஆகும்? அதுதான் கவசத்துக்கு நேர்கிறது.

மெலிந்த அம்புக்கு எடை வேண்டுமானால் அடர்த்தி மிக்க உலோகம் வேண்டும். டங்ஸ்டனின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஆனால் அதை உருக்க 3,422 டிகிரி செல்சியஸ் தேவை! அந்தச் சூட்டைத் தாங்கி, வார்ப்பதற்கு அச்சு எங்கே கிடைக்கும்? ஆகவே உருக்குவதில்லை. டங்ஸ்டன் தூளுடன் சிறிது நிக்கல், இரும்புத் தூள்களைக் கலந்து, அழுத்தி, ஏறத்தாழ 1,500 டிகிரியில் சுடுகிறார்கள். நிக்கலும் இரும்பும் உருகி, டங்ஸ்டன் துகள்களை ஒன்றோடொன்று பிணைக்கின்றன. பொரிவிளங்காய் உருண்டையில் வெல்லப்பாகு மாவைப் பிணைப்பதுபோல என்று கொள்ளுங்கள்! இதற்குத் தூள் உலோகவியல் என்று பெயர்.

இந்த வேலை நடக்கும் தொழிற்சாலை எங்கோ தொலைவில் இல்லை. திருச்சிப் புறநகரில், துவாக்குடிக்கு அருகிலேயே இருக்கிறது. 'ஹாப்' என்று ஊரார் சுருக்கமாக அழைக்கும் அந்தக் கன உலோக ஊடுருவித் திட்டம், ஹைதராபாதின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுக்கூடம் உருவாக்கிய தொழில்நுட்பத்தைக் கொண்டு எழுந்தது. 2021 முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. கவசம் பூண்ட டாங்கி ஆவடியில். கவசம் துளைக்கும் அம்பு திருச்சியில். வாளும் கேடயமும் ஒரே மாநிலத்தில்!

செங்கல் அடுக்கிய கவசம்

டாங்கியைக் கொல்ல இன்னொரு வழியும் உண்டு. செம்புக் கூம்பு ஒன்றின் பின்னால் வெடிமருந்தை வைத்து வெடித்தால், கூம்பு நசுங்கி, நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் பாயும் மெல்லிய உலோகத் தாரையாக மாறும். காலாட்படை வீரர் ஏவும் சிறு ஏவுகணையிலும் இது அடங்கிவிடும். 1973இல் நடந்த அரபு-இஸ்ரேல் போரில் இத்தகைய ஏவுகணைகள் இஸ்ரேலின் டாங்கிகளுக்குப் பெரும் சேதம் விளைவித்தன.

விடையாக வந்தது எதிர்வினைக் கவசம். இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே வெடிமருந்தை வைத்த பெட்டிகளை, செங்கற்களைப்போல் டாங்கியின்மேல் அடுக்குவார்கள். தாரை வந்து படும்போது பெட்டி வெடிக்கும். தகடுகள் தாரையின் குறுக்கே பறந்து அதைச் சிதறடிக்கும். 1982இல் லெபனானில் இஸ்ரேலிய டாங்கிகள் இதைப் பூண்டு போருக்குப் போயின. ஆவடியில் உருவான டி-72 'அஜேயா' டாங்கிகளிலும் பிற்காலத்தில் இந்தச் செங்கற்கள் ஏறின. மாதிரி உருவில் இவற்றைப் பிசினால் வார்க்கிறார்கள். ஒரு கட்டியைச் செய்து, அதன்மேல் சிலிகோன் ரப்பரை ஊற்றி அச்செடுத்தால், எத்தனை கட்டிகள் வேண்டுமானாலும் வார்க்கலாம். (பிசினை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் தூளைச் சுவாசிக்கக்கூடாது, முகமூடி அவசியம்.)

பாகங்களைச் சேர்த்துக்கொண்டே போனால் விலை ஒன்று கொடுக்கவேண்டும். அதுதான் எடை. 1974இல் ஒப்புதல் பெற்று, ஆவடியின் ஆய்வு நிறுவனம் வடிவமைத்த 'அர்ஜுன்' டாங்கியின் முதல் வகை ஏறத்தாழ 58.5 டன். அதில் 72 மேம்பாடுகளைச் செய்து உருவான மார்க்-1ஏ வகை ஏறத்தாழ 68 டன். 2021 செப்டம்பரில் 118 மார்க்-1ஏ டாங்கிகளுக்கு ஆவடித் தொழிற்சாலைக்கு ஆணை வழங்கப்பட்டது. காப்பு கூடியது; பாலங்களும் ரயில் வண்டிகளும் சுமக்கவேண்டிய பாரமும் கூடியது. கேடயத்தைத் தடிப்பாக்கியவர் அதைத் தூக்கவும் வேண்டுமே!

எந்த டாங்கி? எந்த ஆண்டு?

நல்ல மாதிரிக் கலைஞர் பாகத்தை ஒட்டுமுன் இந்த இரண்டு கேள்விகளைக் கேட்பார். 1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் போரில், பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால், தீப்பற்றிய தம் செஞ்சூரியனைவிட்டு வெளியேற மறுத்துப் போரிட்டு உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 21. பரம்வீர் சக்கரம் அவருக்கு வழங்கப்பட்டது. அந்த டாங்கியின் பெயர் 'ஃபமகுஸ்டா'. அதை மாதிரி உருவாகச் செய்யும் ஒருவர், கடையில் அழகாக இருக்கிறதே என்று பத்தாண்டுகளுக்குப் பின் வந்த எதிர்வினைக் கவசத்தை அதில் ஒட்டினால் என்ன பொருள்? அந்த இளைஞரிடம் இல்லாத காப்பை இருந்ததாகச் சொல்லிவிடுகிறார். எவ்வளவு மெல்லிய கவசத்துக்குப் பின்னால் அவர் நின்றார் என்பது மறைந்துபோகிறது. கூடாத இடத்தில் ஒட்டிய அழகான பாகம் ஒரு பொய்!

நாம் பார்த்த பாகங்களில் பல, இழப்பு கற்பித்த பாடத்திலிருந்து வந்தவை. எதிரிப் படையின் வண்டிகளுக்குள்ளும் இளைஞர்களே இருந்தார்கள். டாங்கி ஓர் ஆயுதம் என்பதை மறந்துவிட்டு அதைச் செய்யத் தேவையில்லை. ஏன் அந்தப் பாகம் வந்தது என்று அறிந்து செய்தால், நாம் போரை விளையாட்டாக்கவில்லை. அதன் கணக்கைப் படிக்கிறோம்.

நீங்களும் செய்யலாம்

விலை உயர்ந்த பெட்டி வேண்டியதில்லை. செஞ்சூரியன், டி-55 ஆகியவற்றின் சுழல் கோபுரம், அதாவது பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேற்பகுதி, வார்ப்பில் உருண்டு வந்தது. விஜயந்தாவின் கோபுரமோ எஃகுத் தகடுகளை வெட்டிப் பற்றவைத்துச் செய்தது. துவாக்குடிப் பட்டறைகளில் நடக்கும் வேலையைப் போன்றது! ஆகவே அதை அட்டையிலேயே செய்துவிடலாம்.

முதலில் ஓர் அளவுகோல் செய்யுங்கள். நீண்ட காகிதப் பட்டையில் 2.86 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு இட்டு 'ஒரு மீட்டர்' என்று எழுதுங்கள். பத்துக் கோடுகளில் முழு டாங்கியும் அடங்கிவிடும். விஜயந்தா இப்போது படையில் இல்லை; பல ஊர்களில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. மகாராஷ்டிராவில், முன்பு அகமதுநகர் எனப்பட்ட அகில்யாநகரின் டாங்கி அருங்காட்சியகத்திலும் காணலாம். வாய்ப்புக் கிடைத்தால், அனுமதி பெற்று நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இல்லையேல் நல்ல படங்கள் போதும். உடலுக்கும் கோபுரத்துக்கும் கெட்டி அட்டை. மட்கார்டுக்கு வழவழப்பான மெல்லிய தாள். பீரங்கிக்குத் தீர்ந்துபோன பேனா மைக்குழாய். வெப்பக் காப்புறைக்குச் சுற்றி ஒட்டிய காகிதம், அதன்மேல் நூல்பட்டிகள்.

டாங்கிகளை இனம் காணச் சக்கரங்களை எண்ணுங்கள். டி-55க்கு ஒரு பக்கத்தில் ஐந்து சக்கரங்கள். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையே நல்ல இடைவெளி. விஜயந்தாவுக்கும் டி-72க்கும் ஆறு. அர்ஜுனுக்கு ஏழு.

மாதிரி உருவோடு ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் ஒட்டும்போது மூன்று விவரங்களை எழுதுங்கள்: இது எந்த ஆண்டு வந்தது? எந்த ஆபத்துக்கு விடையாக வந்தது? இதனால் கூடிய சுமை என்ன? விடை தெரியாத பாகத்தை ஒட்டாமல் காத்திருங்கள். ஒரு நூலகமும் ஒரு நல்ல படமும் அந்த விடையைத் தேடித் தரும்.

இறுதியாக ஒரு கணக்கு. அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கியை, எல்லாப் பொருள்களையும் அப்படியே வைத்து, 35இல் ஒரு பங்காகச் செய்தால் எடை என்ன? அதன் 120 மில்லிமீட்டர் பீரங்கி வாய்க்கு எத்தனை மில்லிமீட்டர் துளையிடவேண்டும்? முதல் விடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலும், இரண்டாவது மூன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் வந்தால், நீங்கள் சரியான பாதையில் போகிறீர்கள்!